வாள்மீனின் கண்ணுக்குப் பின்னால் ஓர் அடுப்பு

பெலியகொட மீன் சந்தையில் வாள்மீன் தலையொன்றைப் பார்த்ததாக வெள்ளவத்தை வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கண் தோடம்பழம் அளவு இருந்ததாம். “மீனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கண்?” என்பது அவர் கேள்வி.

பாதி பதில் எளிது. இந்த மீன், பகலில் 500, 600 மீற்றர் ஆழத்தில் கணவாய் தேடுகிறது. அந்த இருட்டில் ஒளியைச் சேர்க்கப் பெரிய கண் வேண்டும். பொழுதுபட்டதும் கணவாய் மேலே வரும், வாள்மீனும் பின்னாலேயே வரும். இதற்குத் தூண்டில் போடுகிற படகுகள் இரவில் போடுவது அதனால்தான். வளர்ந்த மீனுக்குப் பல் கிடையாது. வாளை வீசி இரையை அடிக்கும்.

மீதிப் பாதியைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

நம் கடல் மேலே 28 பாகை என்றால், அந்த ஆழத்தில் 10 பாகை அளவுதான். குளிரில் விழித்திரை மந்தமாகும். பாய்ந்து ஓடும் கணவாய் வெறும் கலங்கலாகத் தெரியும். ஆனால் வாள்மீனின் மூளையும் கண்ணும் சுற்றியுள்ள நீரைவிட 10 முதல் 15 பாகை வரை சூடாக இருக்கின்றன. பிரான்சிஸ் கேரி என்ற ஆய்வாளர் 1982இல் இதை எழுதினார்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? நம்மைப் போலவே மீனுக்கும் கண்ணை அசைக்க ஆறு தசைகள். வாள்மீனில் மேல்தசையின் ஒரு பகுதி அசைக்கும் வேலையையே விட்டுவிட்டது. சுருங்கும் இழைகள் அங்கே அநேகமாக இல்லை. உயிரணுவுக்குச் சக்தி தயாரிக்கும் இழைமணிகளும், கல்சியம் சேமிக்கும் சவ்வுப் பைகளுமே நிறைந்திருக்கின்றன. சாதாரணத் தசையில் கல்சியம் பையிலிருந்து வெளியே வரும், இழை சுருங்கும், அப்புறம் கல்சியம் சக்தி செலவழித்து உள்ளே இறைக்கப்படும். இங்கே சுருங்க எதுவும் இல்லை, ஆனால் கசிவதும் இறைப்பதும் நடந்துகொண்டே இருக்கின்றன. தொடர்மாடியில் தண்ணீர்த் தாங்கி ஒழுகினால் மோட்டர் ஓயாமல் ஓடிச் சூடேறுமே, அப்படி. நமக்கு அது மின்கட்டண நட்டம். வாள்மீனுக்கு அந்தச் சூடுதான் தேவை. புதிய உறுப்பு எதுவும் முளைக்கவில்லை. பழைய தசையில் ஒரு படியை நீக்கியதும் அது அடுப்பாகிவிட்டது! எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சரி, அந்தச் சூட்டை இரத்தம் செவுளுக்குக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடாதா? விடாது. அங்கே நாடியும் நாளமும் மெல்லிய வலையாக ஒட்டி ஓடுகின்றன. திரும்பிப் போகும் சூடான இரத்தம், உள்ளே வரும் குளிர்ந்த இரத்தத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டே போகிறது.

2005இல் வெளியான ஓர் ஆய்வு பலனை அளந்தது. நீரளவுக்குக் குளிர்ந்த கண்ணைவிட, சூடான கண் வேகமான அசைவைப் பத்து மடங்குக்கு மேலும் துல்லியமாகப் பிரித்தறியக்கூடும்.

மீன் ஆராய்ச்சிக்கான பணம் பெரும்பாலும் எத்தனை கிலோ பிடிபட்டது என்பதோடு நின்றுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காக்கைதீவில் நாரா என்ற தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற கொழும்பில், ஒரு பள்ளி மாணவியும் இந்த உறுப்பைக் கையில் தொட்டுப் பார்க்க வழி வேண்டும். வாசகருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை தலையைப் பிளந்து தரச் சொல்லுங்கள். மூளையை ஒட்டி, கண்ணுக்குப் பின்னால், கபில நிறத்தில் ஒரு தசைக் கட்டி இருக்கும்.