குடை வைத்த நெஞ்சும் கடப்புறத்து மண்ணும்

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியிலிருந்து தன் மகளோடு திரும்பிய மறுவாரம், கன்னியாகுமரிக் கடற்கரை ஊரான மணவாளக்குறிச்சியைச் சேர்ந்த அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார்: "பிள்ளைக்க நெஞ்சுல குடை வெச்சாச்சு, சரி. அந்த எக்ஸ்ரே கதிரு ஒடம்புலயே தங்கிருமா? பொறவு கேன்சர் வருமாண்ணு ஒருத்தி கேக்கா."

ஆறு வயதுப் பிள்ளை. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஓட்டை. நெஞ்சைத் திறக்காமல், தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, குடைபோல் மடித்த கம்பிவலையை ஓட்டையில் விரித்துவிட்டார்கள். குழாய் எங்கே போகிறது என்று பார்க்கத்தான் எக்ஸ்ரே. ஒரே ஒரு படம் போதாது. இதயம் துடிப்பதையே படமாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

கதிர் தங்காது. டார்ச் வெளிச்சம் மாதிரிதான், அணைத்தால் தீர்ந்தது. குடையும் வெறும் நிக்கல்-டைட்டானியம் கம்பி. ஆனால் போகிற போக்கில் கதிர் செய்துவிட்டுப் போகும் வேலை ஒன்று உண்டு.

எக்ஸ்ரே உடலுக்குள் நுழையும்போது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது. செல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அடி அதிகமும் அதன்மேல்தான். உடைந்த தண்ணீர் மூலக்கூறின் துண்டுகள் பக்கத்தில் இருக்கும் டிஎன்ஏவைக் கடிக்கின்றன. டிஎன்ஏ இரட்டைப் புரி. ஒரு புரி அறுந்தால் மற்றதைப் பார்த்துச் செல் சரிசெய்துகொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிக்கல்: முனைகளைத் தப்பாகச் சேர்த்துவிட வாய்ப்பிருக்கிறது. அப்படிப்பட்ட செல்களும் பெரும்பாலும் செத்துப்போகும். எப்போதாவது ஒன்று பிழையோடு பிழைத்து, பெருகி, வேறு பிழைகளும் சேர்ந்தால் புற்றுநோய். ரத்தப் புற்றுநோய் என்றால் சில வருடங்களில் தெரியலாம். மார்பு, நுரையீரல் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேலாகும், பல பத்தாண்டுகளும் ஆகலாம்.

பிள்ளைகளுக்கு இதனால்தான் கூடுதல் கவனம். அவர்களுடைய செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. சின்ன நெஞ்சுக்குள் எல்லாம் நெருக்கம். இதயத்தைக் குறிவைத்தால் நுரையீரல், வளரப்போகும் மார்பு, விலா எலும்பின் மஜ்ஜை எல்லாமே கதிரின் பாதையில்தான். தவிர, மெல்ல முளைக்கும் நோய்க்கு அவர்கள் முன்னால் எழுபது வருடம் கிடக்கிறது.

சரி, எவ்வளவு ஆபத்து? இளவயதில் சி.டி. ஸ்கேன் எடுத்த கிட்டத்தட்ட 9.5 லட்சம் பேரை ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பின்தொடர்ந்து 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. அதன் கணக்குப்படி, 10,000 பிள்ளைகளுக்கு ஒரு ஸ்கேன் எடுத்தால், அடுத்த 12 வருடங்களில் ஒன்றோ இரண்டோ பேருக்குக் கூடுதலாக ரத்தப் புற்றுநோய் வரலாம். இதயக் குழாய் சிகிச்சையின் அளவு பிள்ளைக்குப் பிள்ளை மாறும். சிலருக்கு ஒரு ஸ்கேனைவிடக் குறைவு, சிக்கலான கோளாறுக்குப் பலமுறை போகிறவர்களுக்கு மொத்தம் நிறைய. இந்தப் பிள்ளைகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதும் லேசல்ல. இங்கிலாந்தில் அப்படிப் பார்த்தபோது நிணநீர்ப் புற்றுநோய் கூடியிருந்தது. துருவிப் பார்த்தால், அதில் பெரும்பங்கு இதய மாற்று செய்துகொண்டவர்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து அவர்களுக்கு வேறு பாதையில் அதே நோயைக் கொண்டுவரும்.

அக்கா விடவில்லை. "எங்க கடப்புறத்து மண்ணுலயே கதிரு உண்டுண்ணு சொல்லுவாவ. அதுவும் இதுவும் சேந்துராதா?"

நல்ல கேள்வி. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமமும் அதற்குள் கதிர் வீசும் தோரியமும் இருப்பது 1909-லேயே தெரிந்துவிட்டது, இங்கிருந்து வெளிநாடு போன கயிற்றில் ஒட்டியிருந்த மண்ணால். இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரை 2005 வரை கவனித்தார்கள். கதிர் கூடிய வீடுகளில் புற்றுநோய் கூடவில்லை. மண்ணின் கதிர் வருடம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக விழுகிறது, செல்லுக்குப் பழுதுபார்க்க அவகாசம் கிடைக்கிறது. சிகிச்சை மேசையில் படுத்திருக்கையில் அப்படியில்லை, எல்லாம் சில நிமிடங்களில். அதனால் கடப்புறத்தைக் காட்டி ஆஸ்பத்திரிக் கதிரை லேசாக எண்ணக்கூடாது. அதைக் காட்டிப் பயப்படவும் வேண்டாம்.

குறைக்க வழியுண்டு. தொடர்ந்து கதிர் விடாமல், நொடிக்குச் சில முறை மட்டும் விட்டு விட்டு அடிக்கலாம். பார்க்க வேண்டிய இடம் தவிர மற்றதை மறைக்கலாம். எக்கோவில் (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) தெரிவதை எக்கோவிலேயே பார்க்கலாம், அதில் இந்தக் கதிரே கிடையாது. மூடாத பெரிய ஓட்டை காலப்போக்கில் இதயத்தையும் நுரையீரலையும் கெடுக்கக்கூடும். அதன் பக்கத்தில் வைத்தால் இந்த ஆபத்து சின்னது என்றே நான் நினைக்கிறேன்.

"எவ்வளவு கதிர் விட்டாங்கண்ணு தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றார். கருவியே அதைக் கணக்கிட்டுக் காட்டும். அடுத்த செக்கப்புக்குப் போகையில் கேட்டு, ஃபைலின் முதல் தாளில் எழுதி வாங்கச் சொன்னேன். நாளைக்கு வேறு டாக்டர் ஸ்கேன் எழுதும்போது, முன்னால் எவ்வளவு ஆயிற்று என்று அவருக்குத் தெரிய வேண்டுமே.