ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் தவளைக் கருவும்

முதுகுத்தண்டு சரியாக மூடாமல் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் முதலில் விசாரணைக்கு உள்ளாவது பெற்றவள்தான். ஐந்தாம் மாதத்தில் பப்பாளி தின்றாளா, கிரகணத்தன்று காய் நறுக்கினாளா என்று மாமியாரும் நாத்தனாரும் குடைந்தெடுப்பார்கள். மகப்பேறு மருத்துவராக நான் சொல்வது ஒன்றுதான்: ஐந்தாம் மாதத்தில் போய்த் தேடாதீர்கள், முதுகுத்தண்டு மூடும் வேலை அதற்கு மூன்று மாதம் முன்பே முடிந்துவிட்டது.

இது எப்படித் தெரியும்? கருவுக்குள் எந்த மரபணு எந்த இடத்தில், எந்த நேரத்தில் வேலை செய்கிறது என்று நாம் கற்றதில் தவளைக்குப் பெரும்பங்கு உண்டு. குறிப்பாக ஆப்பிரிக்க நகத் தவளை. எங்கள் துறைக்கு அது பழைய சொந்தமும்கூட. 1930களில் தொடங்கிப் பல ஆண்டுகள், பெண்ணின் சிறுநீரை இந்தத் தவளைக்கு ஊசியில் ஏற்றி, அது முட்டையிட்டால் கர்ப்பம் என்று உறுதி செய்தார்கள்!

இதன் முட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். தாயின் உடலுக்கு வெளியே, தண்ணீரில் வளர்வதால் எல்லாவற்றையும் நேரில் பார்க்கலாம். கருவுற்று ஒன்றரை மணி நேரத்தில் முதல் பிரிவு; அப்புறம் ஏறக்குறைய அரை மணிக்கு ஒன்று. சுமார் 4,000 செல்கள் ஆகும்வரை கருவின் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் பேசாமல் இருக்கும். தாய் முட்டைக்குள் வைத்து அனுப்பிய ஆர்.என்.ஏ.வை, அதாவது மரபணுக்களின் செய்தி நகல்களை, வைத்தே காலம் ஓடும். ஏழு மணி நேரம் வாக்கில்தான் கருவின் மரபணுக்கள் முழுவீச்சில் விழிக்கின்றன.

விழித்ததும் இடத்துக்கு இடம் வேலை மாறுகிறது. பி.எம்.பி. என்ற புரதம் வெளி அடுக்குச் செல்களைத் தோலாகப் போகச் சொல்கிறது. முதுகுப் பக்கத்தில் ஒரு சிறிய பகுதி கார்டின், நாகின் என்ற புரதங்களைச் சுரந்து பி.எம்.பி.யைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. அதற்கு மேலே உள்ள செல்கள் நரம்பாகின்றன. 1924இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் ஸ்பீமானும் ஹில்டே மாங்கோல்டும் நியூட் என்ற வாலுள்ள உயிரியின் கருவில் இந்தப் பகுதியை வெட்டி இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டியபோது, அங்கே இரண்டாவது முதுகே உருவானது. அதைச் செய்யும் புரதங்கள் கிடைக்க 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, மரபணு வேலை செய்வதை எப்படிக் கண்ணால் பார்ப்பது? வேலை செய்யும் மரபணு ஆர்.என்.ஏ. நகல் எடுக்கும். அதோடு மட்டும் போய் ஒட்டும் எதிர் இழையைக் கருவில் ஊறவைத்துச் சாயமேற்றினால், அந்த இடம் மட்டும் ஊதா நீலமாகும். சாக்ஸ்2 என்ற மரபணு, நரம்பாகப் போகும் செல்கள் சேர்ந்த நரம்புத் தகட்டிலும், என்.கே.எக்ஸ்.2-5 இதயம் வரப்போகும் இடத்திலும், பாக்ஸ்6 கண் பகுதியிலும் நிறம் காட்டும். இதே பாக்ஸ்6 மனிதரிடமும் உண்டு. அதன் ஒரு பிரதி பழுதானால் கருவிழிப்படலம் (ஐரிஸ்) இல்லாமல் குழந்தை பிறக்கலாம்.

தவளையில் நரம்புத் தகடு சுருண்டு, மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக் குழாயாக மூட ஒரு நாள் போதும். மனிதக் கருவில் கருத்தரித்த 28ஆம் நாள் வாக்கில் மூடிவிடும்; மூடாமல் போவதுதான் முதலில் சொன்ன முதுகுத்தண்டுக் குறை. அப்போது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். எங்களிடம் பலர் முதல்முறை வருவது மூன்றாம் மாதத்தில். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் முடிந்த பிறகு பத்து மணிக்குக் கூடையோடு போய் நிற்பது போலத்தான்.

வேகமாகப் பிரியும் செல்கள் டி.என்.ஏ. தயாரிக்க ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும்; அதை மாத்திரையாகத் தருவதுதான் ஃபோலிக் ஆசிட். ஏற்கெனவே இக்குறையுள்ள குழந்தையைச் சுமந்த பெண்களுக்கு, கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் கொடுத்த ஆய்வின் முடிவு 1991இல் வந்தது. மறுபடியும் அது வருவது 72 சதவீதம் குறைந்தது. மற்றவர்களுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் போதும். கருத்தரிக்க ஒரு மாதம் முன்பே தொடங்கி, கர்ப்பத்தின் மூன்றாம் மாதம் முடியும்வரை.

“டாக்டரம்மா, குங்குமப்பூ எப்போ ஆரம்பிக்கலாம்?” என்று கேட்கும் மாமியார்கள் ஏராளம். மருமகளுக்கு இந்த மாத்திரையை எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டவர் அபூர்வம்.

வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுபவர்களும், சர்க்கரை உள்ளவர்களும் குழந்தைக்குத் திட்டமிடும்போதே வந்துவிடுங்கள். இந்த இரண்டிலும் நரம்புக் குழாய்க் குறைக்கான வாய்ப்பு அதிகம். ஃபோலிக் ஆசிட் அளவும் மாறலாம். வலிப்பு மாத்திரையைப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றித் தர அவகாசம் வேண்டும்.