தொகுப்பியா, நிரல்பெயர்ப்பியா?

"தொகுப்பியை நிறுவிய பின், தொகுப்பியின் பாதையைத் தொகுப்பியின் கட்டமைப்பில் கொடுக்கவும்."

அக்கா மகள் போனில் படம் எடுத்து அனுப்பிய வரி இது. பொறியியல் முதலாண்டு படிக்கிறாள். சி மொழி ஆய்வகத்துக்கு லேப்டாப்பைத் தயார் செய்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். தமிழில் ஒரு கையேடு கிடைத்ததும் ஆசையாகத் திறந்திருக்கிறாள். "மாமா, எந்தத் தொகுப்பியோட பாதையை எந்தத் தொகுப்பியில போடணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அந்த வரியில் முதல் இரண்டு தொகுப்பியும் கம்பைலர், அதாவது நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக்கும் மென்பொருள். மூன்றாவது தொகுப்பி எடிட்டர், நிரலை எழுதித் திருத்தும் மென்பொருள். இது எனக்கே இரண்டு முறை படித்த பிறகுதான் விளங்கியது.

அவளோ மூன்றும் ஒன்றே என்று நினைத்து விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற எடிட்டரை மட்டும் நிறுவி வைத்திருந்தாள். 'வணக்கம்' என்று அச்சிடும் ஐந்து வரி நிரலை எழுதி, கட்டளை கொடுக்கும் முனையத்தில் ஜிசிசி என்று கம்பைலரின் பெயரைத் தட்டினால், அப்படி ஒரு உள் கட்டளையும் இல்லை வெளிக் கட்டளையும் இல்லை என்று விண்டோஸ் கைவிரிக்கிறது. விரிக்காமல் என்ன செய்யும்? விஷுவல் ஸ்டுடியோ கோட் எழுதுவதற்கான பலகை. அதில் சி நீட்சியைச் சேர்த்தாலும் எழுத்துக்கு வண்ணம் வரும், பிழைக்கு அடிக்கோடு வரும், கம்பைலர் வராது. அதை, விண்டோஸில் ஓடும் ஜிசிசியைத் தரும் மிங்ஜிடபிள்யூ போன்ற ஒன்றிலிருந்து தனியாக இறக்க வேண்டும். இறக்கிய இடத்தை, கட்டளைகளை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் விண்டோஸின் பாத் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்த்த பின் எடிட்டரை மூடித் திறக்கவும் வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கையில் பழைய பட்டியல்தான் இருக்கும். புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அதே இடத்தில் நம் மொழிபெயர்ப்பு இரண்டு பொருளுக்கும் ஒரே பெயரைச் சூட்டி, இருக்கிற விளக்கையும் அணைத்துவிட்டுப் போகிறது.

கம்பைலர் என்ற சொல்லின் வேர் லத்தீன். அங்கே அதற்குப் பொருள் கொள்ளையடிப்பது, வாரிச் சுருட்டுவது. பிறர் நூல்களிலிருந்து எடுத்துச் சேர்ப்பது என்ற பொருள் அதிலிருந்து வந்தது. கணினிக்கு அதைக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர். 1952 வாக்கில் யூனிவாக் கணினிக்காக அவர் செய்த ஏ-0 என்ற மென்பொருள், நாடாவில் எண் போட்டு வைத்திருந்த துணைநிரல்களைத் தேடி எடுத்து வரிசையாக அடுக்கிக் கொடுத்தது. அது அப்பட்டமான தொகுப்பு வேலை. ஆகவே அவருடைய ஏ-0-வைத் தொகுப்பி என்றால் நான் கைதட்டுவேன்.

ஆனால் ஐந்தே ஆண்டில் கதை மாறிவிட்டது. 1957-ல் ஐபிஎம் 704 கணினிக்கு ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியையும் அதன் கம்பைலரையும் கொடுத்தது. அந்தப் பெயரே 'சூத்திர மொழிபெயர்ப்பு' என்பதன் சுருக்கம். மனிதர் எழுதிய சூத்திரம் ஒரு பக்கம் போனது, இயந்திரத்துக்குப் புரியும் கட்டளை மறுபக்கம் வந்தது. பொருள் மாறியும் ஆங்கிலத்தில் கம்பைலர் என்ற பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. அது அவர்கள் மொழியில் நேர்ந்த தற்செயல். அந்தத் தற்செயலையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டும் என்று நமக்கு என்ன தலையெழுத்து?

தொகுப்பதும் பெயர்ப்பதும் வேறு வேறு என்பதைத் தொல்காப்பியர் மரபியலிலேயே பிரித்து வைத்துவிட்டார். வழிநூலின் வகைகளைச் சொல்லும்போது "தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தலொடு அனைமர பினவே" என்கிறார். தொகுத்தல் ஒரு வகை, மொழிபெயர்த்தல் வேறொரு வகை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. உருத்திரசன்மர் கையில் போன பாட்டு, போன சொல்லோடுதான் வெளியே வந்தது. அது தொகுப்பு. கம்பைலருக்குள் போகும் சி நிரலில் ஒரு வரியாவது அப்படியே வெளியே வருகிறதா? உள்ளே 'இருந்தால்', 'இல்லையென்றால்' என்று போனது, வெளியே இந்த முகவரிக்குத் தாவு, அந்தப் பதிவகத்தில் கூட்டு என்று வேறொரு மொழியாக வருகிறது.

ஆகவே கம்பைலருக்கு நான் சொல்வது 'நிரல்பெயர்ப்பி'. இது புதுச் சரக்கல்ல. தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூல்களில் புழங்கிய சொல்தான். நிரல் என்றால் வரிசை. நிரல்நிறை அணி படித்தவர்களுக்கு அந்த வேர் தெரியும். பெயர்ப்பு, மொழிபெயர்ப்பில் இருக்கும் அதே பெயர்ப்பு. இகர விகுதி கருவியைக் குறிப்பது, மண்வெட்டிபோல.

இதை அலுவலகத்தில் சொன்னால் ஒரு நண்பர் சண்டைக்கே வருவார். அவருடைய முதல் வாதம், தொகுப்பி சின்னச் சொல், வாயில் சுலபமாக வரும் என்பது. உண்மைதான். ஆனால் சின்னதாக இருப்பது ஒரு தகுதி என்றால் 'பை' என்றே வைத்துக்கொள்ளலாமே. அடுத்த வாதம் கொஞ்சம் வலுவானது. நிரலை ஓட்டும் இன்னொரு வகைக் கருவியான இன்டர்பிரட்டர் வரி வரியாகப் போகும், கம்பைலர் முழு நிரலையும் மொத்தமாக எடுத்துக்கொள்ளும், அந்த 'மொத்தமாக' என்பதைத்தான் தொகுப்பு குறிக்கிறது என்பார். அப்படிப் பார்த்தால், நாவல் முழுவதையும் படித்துவிட்டு உட்கார்ந்து மொழிபெயர்ப்பவரையும் தொகுப்பாசிரியர் என்றுதான் அழைக்க வேண்டும். தேர்தல் மேடையில் வடநாட்டுத் தலைவர் பக்கத்தில் நின்று வரிக்கு வரி தமிழில் சொல்பவரும் மொழிபெயர்ப்பாளர்தான், வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தைப் பெயர்ப்பவரும் மொழிபெயர்ப்பாளர்தான். வேலை நடக்கும் விதம்தான் வேறு. (இன்டர்பிரட்டரில் ஓடும் பைத்தான் மொழி உள்ளுக்குள் ஒருமுறை பைட்கோடு என்ற இடைநிலைக் குறியாகப் பெயர்த்துக்கொண்டு பிறகுதான் ஓட்டுகிறது. அந்த வம்பை இங்கே இழுக்கவில்லை.)

அவர் கண்டுகொள்ளாமல் விடும் ஒன்று இருக்கிறது. தொகுக்கும் வேலை இன்றும் நடக்கிறது, ஆனால் அதைச் செய்வது வேறொரு கருவி, இணைப்பி. ஜிசிசி என்று ஒரே கட்டளை கொடுத்தாலும் பின்னால் வரிசையாகப் பல கைகள் வேலை செய்கின்றன. முன்செயலி தலைப்புக் கோப்புகளை விரிக்கிறது. பெயர்ப்பி சி நிரலை, இயந்திரக் குறிக்கு நெருங்கிய அசெம்பிளி மொழிக்குப் பெயர்க்கிறது. அசெம்பிளர் அதை இயந்திரக் குறியாக்குகிறது. கடைசியில் இணைப்பி, உடைந்த துண்டுகளையும் முன்பே எழுதி வைத்த நிரல்களின் கிடங்கான நூலகத்தில் கிடக்கும் துண்டுகளையும் பொறுக்கி எடுத்து ஒரே கோப்பாகத் தைக்கிறது. ஹாப்பரின் ஏ-0 செய்ததற்கு இன்று நெருங்கிய உறவு இந்த இணைப்பிதான்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை, கையைச் சுடும் விஷயம். லினக்ஸில் வர்க்கமூலம் காணும் ஒரு நிரலை எழுதி, கணித நூலகத்தைச் சேர்க்கச் சொல்லும் சிறு குறியீட்டைக் கட்டளையின் கடைசியில் போட மறந்தால், அந்தச் செயற்கூறு எங்கே என்று தெரியவில்லை என ஒரு பிழை வரும். நிரலின் இலக்கணம் சரி, பெயர்ப்பும் முடிந்துவிட்டது. துண்டு கிடைக்கவில்லை என்று அழுவது இணைப்பி. இதை 'இணைப்புப் பிழை' என்றால், பையன் நூலகத்தைத் தேடுவான். அரைப்புள்ளியை விட்டதால் வருவதைப் 'பெயர்ப்புப் பிழை' என்றால், தன் வரியைத் தேடுவான். 'தொகுப்புப் பிழை' என்றால் எதைத் தேடுவான்? சொல்லைக் கேட்டாலே துண்டு சேராத பிழை என்றுதான் தோன்றுகிறது. அவர்கள் சொல்ல வருவதோ விட்டுப்போன அரைப்புள்ளியை.

ஜிசிசியின் பெயரையே பாருங்கள். குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் 1987-ல் வெளியிட்டபோது அது குனு சி கம்பைலர். பிறகு பல மொழிகளுக்கும் பெயர்ப்பிகள் சேர்ந்துவிட்டதால் 1999-ல் குனு கம்பைலர் கலெக்‌ஷன் ஆனது. நண்பர் கணக்குப்படி அது 'குனு தொகுப்பித் தொகுப்பு'. 'நிரல்பெயர்ப்பித் தொகுப்பு' என்றால் எது என்ன என்று தெரிகிறது. இதைச் சொன்ன அன்றைக்கு மட்டும் அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

எடிட்டருக்கு வருவோம். தமிழ் விக்கிப்பீடியாவில் திருத்துவதற்கான பொத்தானில் 'தொகு' என்று இருக்கும். படத்தொகுப்பு, படத்தொகுப்பாளர் வழியாக அந்த வழக்கம் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். சினிமாவில் அது பொருத்தம்தான், துண்டு துண்டான காட்சிகளை உண்மையிலேயே சேர்த்துத் தைக்கிறார்கள். ஒரு கட்டுரையில் ஒற்றுப்பிழையைச் சரிசெய்வதில் எதைத் தொகுக்கிறோம்? பழகிப்போய்விட்டது, இனி மாற்றச் சொல்லிப் பயனில்லை. ஆனால் நிரல் எழுதும் பலகைக்கு 'உரைதிருத்தி' போதும். புதிதாக எழுதவும்தானே செய்கிறோம், வெறும் திருத்தியா என்று கேட்பார்கள். எழுதுகிற நேரத்தைவிடத் திருத்துகிற நேரம்தான் அதிகம் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கையேட்டு வரியில் இன்னொரு சொல் 'கட்டமைப்பு'. ஸ்ட்ரக்சருக்கும் அதுதான், ஃபிரேம்வொர்க்குக்கும் அதுதான், சாலை, பாலம், மின்சாரத்துக்கும் அதுதான், இப்போது கான்ஃபிகரேஷனுக்கும் அதுவே. 'அமைவு' என்று விட்டிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது.

போனிலேயே அந்த வரியை மாற்றிச் சொன்னேன்: "உரைதிருத்தி ஏற்கெனவே இருக்கு. நிரல்பெயர்ப்பியைத் தனியா நிறுவு. அது இருக்கிற இடத்தை உரைதிருத்தியோட அமைவில் எழுது." உடனே புரிந்துவிட்டது. நிறுவியும் விட்டாள். பிறகு நெடுநேரம் சத்தமே இல்லை.

கையேட்டின் அடுத்த வரியில், பாதையைக் 'குப்பைத்தொட்டிக் கோப்புறை' வரை கொடுக்கச் சொல்லியிருக்கிறது. ஜிசிசி இருக்கும் கோப்புறையின் பெயர் 'பின்' (bin). இருமக் கோப்புகளைக் குறிக்கும் பைனரி என்ற சொல்லின் சுருக்கம். மொழிபெயர்த்தவர் அகராதியைத் திறந்திருக்கிறார், கணினியைத் திறக்கவில்லை.

"மறுசுழற்சித் தொட்டியைத் திறந்து பாத்துட்டேன் மாமா," என்றாள். "போன வாரம் அழிச்ச ரெண்டு போட்டோதான் இருக்கு."