ஆர்டர் கேன்சல் ஆகிவிட்டது, அட்வான்ஸ் எங்கே போனது?

போன தை மாதம் தர்மபுரியில் ஒரு ஃபர்னிச்சர் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். மகள் கல்யாணச் சீருக்குக் கட்டிலும் பீரோவும் சொல்லி, முந்தின வருடமே 12,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தவர். கல்யாணம் தள்ளிப்போனதால் அப்போது ஆர்டரை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இப்போது மாசியில் தேதி குறித்தாயிற்று. பில் போடும் பையன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல ஒன்னுமே இல்லீங்கம்மா" என்றான். அவர் சுருக்குப்பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினார். தெர்மல் பேப்பர். எழுத்தெல்லாம் மங்கி, வெறும் வெள்ளைத்தாளாக இருந்தது.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. அவன் பார்த்தது இரண்டு இடங்கள்: நிலுவையிலுள்ள ஆர்டர்கள், பாக்கிப் பட்டியல். ஆர்டர் கேன்சல் ஆனதால் முதலாவதில் இல்லை. பாக்கிப் பட்டியலில் கடைக்குத் தர வேண்டியவர்கள் பெயர் மட்டும் வரும்படி வைத்திருந்தார்கள். கடை யாருக்குத் தர வேண்டுமோ அவர்கள் அதில் வரமாட்டார்கள். அந்த அம்மாவின் லெட்ஜரைத் திறந்தேன். 12,000 வரவில் அப்படியே இருந்தது.

பில்லிங் மென்பொருளில் ஆர்டர் என்பது ஒரு குறிப்பு மட்டும்தான். அது சரக்கை ஒதுக்கி வைக்கும்; கணக்கைத் தொடாது. அட்வான்ஸோ ரசீது வவுச்சர், அதாவது பணம் வந்ததைப் பதியும் பதிவு; அது பணக்கணக்கு. ஆர்டரைக் கேன்சல் செய்தால் குறிப்பு போகுமே தவிர, பணம் அந்த வாடிக்கையாளர் பெயரிலேயே தங்கும். அதை மறுபடி யாராவது கையால் எடுத்து, திருப்பிக் கொடுத்ததாகவோ வேறு பில்லில் கழித்ததாகவோ பதிய வேண்டும். "கேன்சல் பண்ணிட்டோமே, எல்லாம் சரியாயிருக்கும்" என்று நினைத்து இந்த இரண்டாவது வேலையை விட்டுவிடும் கடைகளே நான் பார்த்தவரை அதிகம். டாலி என்ற கணக்கு மென்பொருளில் ரசீது போடும்போதே 'அட்வான்ஸ்' என்று குறித்து ஆர்டர் எண்ணையும் எழுதிவிட்டால், பிறகு தேடி எடுப்பது எளிது. 'ஆன் அக்கவுண்ட்', அதாவது எதற்கென்று குறிக்காமல் பொதுவாகப் போட்டுவிட்டால் எந்த ஆர்டருக்கு வந்த பணம் என்று யாருக்கும் தெரியாது.

பாதி கொடுத்து மீதி நின்றுபோன ஆர்டர் இன்னொரு வகைத் தலைவலி. கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ மண்டிகளுக்குப் பிளாஸ்டிக் கிரேட் விற்கும் ஒருவர், 200 கிரேட் ஆர்டரில் 120 அனுப்பினார். சீசன் முடிந்தது, மீதி 80 வேண்டாம் என்றார்கள். ஆர்டரை அவர் மூடவில்லை. அடுத்த வருடமும் மென்பொருள் அந்த 80ஐ யாருக்கோ ஒதுக்கியதாகவே காட்ட, சரக்கு போதாதென்று புதிதாக 80 கிரேட் வாங்கிப்போட்டார். இந்த இடத்தில் முழு ஆர்டரையும் கேன்சல் செய்யக்கூடாது. போன 120க்கு அதுதான் ஆதாரம். மீதியை மட்டும் முடித்து மூட வேண்டும்.

பில் போட்ட பிறகு கேன்சல் ஆனால் கதையே வேறு. தயவுசெய்து டெலிட் செய்யாதீர்கள். டாலியில் ஆல்ட்+டி அழுத்தினால் பில் மறைந்துவிடும். ஆல்ட்+எக்ஸ் அழுத்தினால் தொகை நீங்கி, எண் மட்டும் 'கேன்சல்' என்ற அடையாளத்தோடு நிற்கும். ஜிஎஸ்டியில் பில் எண்கள் வரிசையாக இருக்க வேண்டும். விற்பனை விவரம் தாக்கல் செய்யும் படிவமான ஜிஎஸ்டிஆர்-1ல் 13ஆம் அட்டவணை எத்தனை பில் போட்டீர்கள், எத்தனை கேன்சல் என்று கேட்கிறது. டெலிட் செய்தவர் அங்கே என்ன எழுதுவார்? இ-இன்வாய்ஸ், அதாவது அரசு போர்ட்டலில் பதியும் மின்னணு பில், போடுபவர்களுக்கு 24 மணி நேரம்தான். அதன்பின் போர்ட்டலில் அதைக் கேன்சல் செய்ய முடியாது.

அந்த மாத ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் ஆகிவிட்டால் வழி கிரெடிட் நோட், அதாவது பில் தொகையைக் குறைத்து வாடிக்கையாளர் பெயரில் வரவு வைக்கும் சீட்டு. அதற்கும் கெடு உண்டு: விற்ற நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்த நாள், எது முன்போ அது. 2025 செப்டம்பர் 22க்கு முன் 28 சதவீதத்தில் விற்ற ஏசி அதற்குப் பின் திரும்பி வந்தபோது, சில கடைகளில் புது விகிதமான 18ல் கிரெடிட் நோட் போட்டுவிட்டார்கள். பழைய பில்லுக்குப் பழைய விகிதம்தான். வித்தியாசம் வாடிக்கையாளரின் பணம்.

பொருளுக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு 2017 நவம்பர் 15லிருந்து, காம்போசிஷன் என்ற, சிறு கடைகள் விற்றுமுதலில் ஒரு சதவீதக் கணக்கில் வரி கட்டும் திட்டத்தில் இல்லாத கடைகள் அப்போதே வரி கட்ட வேண்டியதில்லை. கல்யாண மண்டபம் போன்ற சேவைக்கு உண்டு. முகூர்த்தம் மாறி மண்டபம் கேன்சலானால், பில் போடாத நிலையில் ரீஃபண்ட் வவுச்சர் (பணம் திருப்பித் தந்ததற்கான சீட்டு) கொடுத்து, கட்டிய வரியைச் சரிக்கட்ட வேண்டும். திருப்பித் தராமல் பிடித்துக்கொள்ளும் தொகைக்கு, மண்டப வாடகைக்குள்ள அதே விகிதத்தில் வரி உண்டு. 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட ஜிஎஸ்டி சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியது.

ஃபர்னிச்சர் கடைக்கு வருகிறேன். அன்றே முதலாளியிடம் வரவு நிற்கும் பெயர்களை மட்டும் தனியாக எடுக்கச் சொன்னேன். பதினாறு பேர் வந்தார்கள். "இவ்வளவு பேரா சார்?" என்று கேட்டவர், சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போன் போட்டார். அந்த அம்மாவுக்குப் புது பில்லில் 12,000ஐக் கழித்து, மீதியை மட்டும் வாங்கினோம். ரசீதை அவர் தெர்மல் பேப்பரில் வாங்க மறுத்துவிட்டார். பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்து, பேனாவால் எழுதி, சீல் குத்திக் கொடுத்தார் முதலாளி.