எந்த எண் எப்போது காலை வாரும்: ஆண்ட்ராய்டு எஸ்டிகே வெர்ஷன்கள்

பக்கத்து சீட்டில் ஒழுங்காக பில்ட் ஆகும் ஆண்ட்ராய்டு புராஜெக்ட்டை அப்படியே எடுத்துப் புது லேப்டாப்பில் போட்டால் சிவப்பு எழுத்தில் எரர் கொட்டுகிறது. உடனே வரும் கேள்வி, "உன்கிட்ட எந்த எஸ்டிகே வெர்ஷன் இருக்கு?" எஸ்டிகே என்பது ஆண்ட்ராய்டு ஆப் எழுதத் தேவையான கருவிகளின் தொகுப்பு. அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. சாதாரண புராஜெக்ட்டிலேயே கம்பைல் எஸ்டிகே, மினிமம் எஸ்டிகே, டார்கெட் எஸ்டிகே, பில்ட் டூல்ஸ், ஆண்ட்ராய்டு கிரேடில் பிளக்இன், கிரேடில் (பில்டை ஓட்டும் கருவி), ஜேடிகே (ஜாவா கருவித் தொகுப்பு) என்று ஏழு எண்கள் உண்டு. சி++ நிரலும் சேர்ந்திருந்தால், அதற்கான கருவித் தொகுப்பான என்டிகே எட்டாவது. சில எண்கள் பில்ட் ஆகும்போதே தகராறு செய்யும். சில, ஆப்பை போனில் ஏற்றும்போது. இன்னும் சில, பில்டும் டெஸ்டும் சுத்தமாக முடிந்து, பிளே ஸ்டோருக்குப் போய், யாரோ ஒருவருடைய பழைய போனில்தான் வெடிக்கும்.

எஸ்டிகே என்பது கடைசியில் பார்த்தால் ஒரு ஃபோல்டர்தான். அதற்குள் 'பிளாட்ஃபார்ம்ஸ்' என்ற பகுதியில் ஆண்ட்ராய்டு-34, ஆண்ட்ராய்டு-35 என்று ஏபிஐ லெவலுக்கு (ஒவ்வொரு ஆண்ட்ராய்டு வெர்ஷனுக்கும் உள்ள எண்) ஒரு ஃபோல்டர் இருக்கும். ஆண்ட்ராய்டு 14-க்கு லெவல் 34, 15-க்கு 35, 16-க்கு 36. பில்ட் டூல்ஸ், என்டிகே இரண்டும் அதே மாதிரி பல வெர்ஷன்களாக அக்கம்பக்கத்தில் இருக்கலாம், ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. கம்ப்யூட்டரிலிருந்து போனோடு பேசும் ஏடிபி என்ற கருவி இருக்கும் 'பிளாட்ஃபார்ம் டூல்ஸ்' மட்டும் ஒரே ஒரு பிரதிதான். அதை எப்போதும் புதியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பழைய போன்களோடும் அது பேசும்.

பிளாட்ஃபார்ம் ஃபோல்டருக்குள் முக்கியமான ஃபைல் 'ஆண்ட்ராய்டு.ஜார்'. ஆண்ட்ராய்டே அதற்குள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அதில் இருப்பவை கிளாஸ் பெயர்களும் மெத்தட் பெயர்களும் மட்டும்தான். எந்த மெத்தடைத் திறந்தாலும் உள்ளே 'ஸ்டப்!' என்று ஒரு எக்ஸப்ஷனை வீசும் ஒற்றை வரிதான் கிடைக்கும். ஹோட்டல் மெனு கார்டு மாதிரி: பெயர் இங்கே, சமையல் போனுக்குள். போன் இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே யூனிட் டெஸ்ட் ஓட்டும்போது "இந்த மெத்தட் மாக் செய்யப்படவில்லை" என்று எரர் வருவதும் இதனால்தான்.

இதைப் பிடித்துக்கொண்டால் கம்பைல், மினிமம், டார்கெட் என்ற மூன்று எஸ்டிகே எண்களும் விளங்கிவிடும். கம்பைல் எஸ்டிகே 35 என்றால், கம்பைலர் லெவல் 35-இன் பெயர்ப் பட்டியலைப் பார்த்து நிரலைச் சரிபார்க்கும். மினிமம் எஸ்டிகே 24 என்றால், ஆண்ட்ராய்டு 7.0-க்குக் கீழே உள்ள போனில் ஆப் ஏறாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் வம்பு. லெவல் 31-இல் வந்த மெத்தடை நேரடியாக அழைத்தால் கம்பைலர் வாய் திறக்காது. ஆண்ட்ராய்டு 9 போனில் அந்த வரிக்கு வந்ததும் "அப்படி ஒரு மெத்தட் இல்லை" என்று ஆப் விழும். அழைக்கும் முன் போனின் எஸ்டிகே எண்ணை 'இஃப்' போட்டுச் சோதிப்பதுதான் வழி. சோதிக்காமல் விட்டால், நிரலில் தவறு தேடும் லின்ட் என்ற கருவி 'நியூ ஏபிஐ' எரர் காட்டும். அவசரத்தில் அந்த லின்ட் எரரை அடக்கி வைப்பவர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

கம்பைல் எஸ்டிகேயை ஏற்றினால் போனில் எதுவும் மாறாது என்று பாடம் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மை, ஆனால் 35-இல் அது பொய்த்தது. காட்லின் மொழியில் ஒரு லிஸ்ட்டின் முதல் உறுப்பை நீக்க 'ரிமூவ்ஃபர்ஸ்ட்' என்று எழுதுவது வழக்கம். அது காட்லின் லைப்ரரியே தரும் எக்ஸ்டென்ஷன் ஃபங்ஷன், எந்தப் போனிலும் ஓடும். ஜாவா 21-இல் அதே பெயரில் ஒரு மெத்தட் லிஸ்ட்டுக்குள்ளேயே சேர்ந்தது; ஆண்ட்ராய்டு 15 அதைத் தன் பட்டியலில் எடுத்துக்கொண்டது. வெளியிலிருந்து சேர்த்த எக்ஸ்டென்ஷனும் கிளாஸுக்குள்ளேயே இருக்கும் மெம்பரும் ஒரே பெயரில் இருந்தால் காட்லின் மெம்பரைத்தான் எடுக்கும். ஆக, கம்பைல் எஸ்டிகேயை 34-இலிருந்து 35 ஆக்கியதும், ஒரு வரிகூட மாறாத நிரல் புது மெத்தடைத் தேட ஆரம்பித்தது. ஆண்ட்ராய்டு 14-லும் அதற்குக் கீழேயும் அது இல்லாததால் ஆப் கிராஷ். 'ரிமூவ்லாஸ்ட்' கதையும் இதே. டெவலப்பரின் மேஜையில் இருப்பது ஆண்ட்ராய்டு 15 போன் என்றால் எல்லாம் சரியாகவே தெரியும். மாற்று எளிது: 'ரிமூவ்அட்' என்று எழுதி 0 என்ற இடத்தையோ கடைசி இன்டெக்ஸையோ கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. புதிய ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் லின்ட் இப்போது இதைப் பிடித்துக் காட்டுகிறது.

டார்கெட் எஸ்டிகேயின் குணமே வேறு. "இந்த லெவல் வரைக்கும் உள்ள விதிகள் எனக்குத் தெரியும், என்னை அப்படியே நடத்து" என்று ஆப் போனிடம் சொல்லும் வாக்குமூலம் அது. 23 என்று சொன்னால், கேமரா, கான்டாக்ட்ஸ் போன்றவற்றுக்கு ஓடும்போதே அனுமதி கேட்க வேண்டும். 31 என்றால், இன்டென்ட் ஃபில்டர் உள்ள ஒவ்வொரு ஆக்டிவிட்டிக்கும் 'எக்ஸ்போர்ட்டட்' (வெளி ஆப்கள் திறக்கலாமா) என்ற குறிப்பை, ஆப்பின் விவர ஃபைலான மேனிஃபெஸ்ட்டில் எழுதியாக வேண்டும். 33 என்றால் நோட்டிஃபிகேஷனுக்குத் தனி அனுமதி. 35-ஐக் கொடுத்துவிட்டால் ஆண்ட்ராய்டு 15 போனில் ஸ்டேட்டஸ் பாருக்கு அடியிலும் ஆப்பின் திரை பரவும். மேலே இருந்த பட்டன் கடிகாரத்தோடு முட்டிக்கொண்டு நிற்கும்.

பழைய எண்ணிலேயே இருந்துவிட்டால் என்ன? விட மாட்டார்கள். 2025 ஆகஸ்ட் 31 முதல் பிளே ஸ்டோரில் புது ஆப்போ அப்டேட்டோ ஏற்ற டார்கெட் 35 வேண்டும். ஸ்டோருக்கு வெளியே ஏபிகே என்ற நிறுவும் ஃபைலாகக் கொடுத்தாலும், டார்கெட் 23-க்குக் கீழே இருந்தால் ஆண்ட்ராய்டு 14 நிறுவவே மறுக்கும். ஆண்ட்ராய்டு 15-இல் அந்த வரம்பு 24. ஓடும்போது அனுமதி கேட்கும் முறையிலிருந்து தப்பிக்க, சில தீம்பொருள்கள் வேண்டுமென்றே 22 என்று அறிவித்துக்கொண்டிருந்தன. அந்தக் கதவைத்தான் மூடினார்கள்.

நிறுவும்போது

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ வழியாகப் போட்டால் எஸ்டிகே மேனேஜர் திரையில் டிக் செய்தால் போதும். பில்ட் சர்வருக்கு ஸ்டுடியோ தேவையில்லை, கமாண்ட் லைன் டூல்ஸ் ஜிப் மட்டும் போதும். முதல் தடுக்கல் அங்கேயே. ஜிப்பை விரித்தால் 'சிஎம்டிலைன்-டூல்ஸ்' என்று ஃபோல்டர் வரும். அதை அப்படியே எஸ்டிகே ஃபோல்டருக்குள் போட்டால், எஸ்டிகே எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்று டூல் முரண்டு பிடிக்கும். அதற்குள் 'லேட்டஸ்ட்' என்று இன்னொரு ஃபோல்டர் உண்டாக்கி, பின், லிப் எல்லாவற்றையும் அதனுள்ளே தள்ள வேண்டும். பிறகு எஸ்டிகே ஃபோல்டரின் பாதையை 'ஆண்ட்ராய்டு ஹோம்' என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் கொடுங்கள். 'எஸ்டிகே ரூட்' என்ற இன்னொரு வேரியபிளைப் பழைய கட்டுரைகள் சொல்லும், அது கைவிடப்பட்டது.

அடுத்தது லைசென்ஸ். எஸ்டிகே மேனேஜரை 'லைசென்ஸஸ்' ஆப்ஷனோடு ஓட்டி எல்லாவற்றுக்கும் ஒய் அழுத்தினால், 'லைசென்ஸஸ்' ஃபோல்டரில் சின்ன டெக்ஸ்ட் ஃபைல்கள் உருவாகும். உள்ளே இருப்பது உரிமப் பத்திரத்தின் ஹாஷ் மட்டும். இந்த ஃபைல்கள் இருந்தால், குறைகிற பிளாட்ஃபார்மையும் பில்ட் டூல்ஸையும் கிரேடில் பிளக்இன் தானே இறக்கிக்கொள்ளும். இல்லையென்றால் பில்ட் நின்றுவிடும்.

பில்ட் டூல்ஸ் எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கிரேடில் பிளக்இன் 3.0 முதல் ஒவ்வொரு பிளக்இன்னும் தனக்கு ஏற்றதைத் தானே தேர்ந்தெடுக்கிறது. கிரேடில் ஃபைலில் பில்ட் டூல்ஸ் வெர்ஷன் வரி இருந்தால் அழித்துவிடுவதே நல்லது. அந்த வரியால் வந்த பிரபலமான கூத்து ஒன்று உண்டு. பில்ட் டூல்ஸ் 31.0.0 போட்டதும், "இது கெட்டுப்போயிருக்கிறது, நீக்கிவிட்டு மறுபடி நிறுவு" என்று எரர் வந்தது. எத்தனை முறை நிறுவினாலும் அதே எரர், ஏனென்றால் எதுவும் கெட்டுப்போகவில்லை. நிரலை போனில் ஓடும் டெக்ஸ் வடிவுக்கு மாற்றும் டிஎக்ஸ் என்ற பழைய கம்பைலரை 31-இல் எடுத்துவிட்டார்கள், அதன் வேலையை டி8 செய்கிறது. பழைய பிளக்இன் அந்த டிஎக்ஸ் ஃபைலைத் தேடிப் பார்த்து, காணோம் என்றதும் பேக்கேஜே பழுது என்று முடிவு கட்டியது. டி8 ஃபைலை டிஎக்ஸ் என்ற பெயரில் நகலெடுத்து வைத்துச் சமாளித்தவர்கள் ஏராளம். முறையான வழி பிளக்இன்னை 7.0-க்கு ஏற்றுவது.

சங்கிலி

பிளக்இன், கிரேடில், ஜேடிகே மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. பிளக்இன் 8.0-க்கு கிரேடில் 8.0-உம் ஜேடிகே 17-உம் குறைந்தபட்சம் வேண்டும். கம்பைல் எஸ்டிகே 35-ஐ முறைப்படி ஆதரிப்பது பிளக்இன் 8.6, அது கேட்பது கிரேடில் 8.7. இதில் ஒரு லைப்ரரி புகுந்தால் என்ன ஆகும்? ஆண்ட்ராய்டுஎக்ஸ் கோர் 1.15.0, தன்னைப் பயன்படுத்துபவரின் கம்பைல் எஸ்டிகே 35 ஆக இருக்க வேண்டும் என்கிறது. ஆக ஒரு லைப்ரரியின் எண்ணைத் தொட்டவுடன் கம்பைல் எஸ்டிகே, பிளக்இன், கிரேடில், ஜேடிகே என்று நான்கும் வரிசையாக இழுபடும். லைப்ரரி எண்ணுக்குப் பதில் கூட்டல் குறி போட்டு "எப்போதும் புதியது" என்று வைத்திருப்பவர்களுக்கு, யாரும் எதையும் தொடாமலே ஒரு திங்கட்கிழமை இது நடக்கும்.

ஜேடிகே பொருந்தாதபோது வரும் எரரில் 55, 61, 65 போன்ற கிளாஸ் ஃபைல் எண்கள் இருக்கும். அதிலிருந்து 44-ஐக் கழித்தால் ஜாவா வெர்ஷன்: 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. "ஆதரிக்கப்படாத 65" என்று கிரேடில் சொன்னால், ஜாவா 21 மேல் பழைய கிரேடிலை ஓட்டுகிறீர்கள். ஜாவா 21-இல் ஓட கிரேடில் 8.5-ஆவது வேண்டும். ஸ்டுடியோவில் பில்ட் ஆகி டெர்மினலில் ஆகவில்லையென்றால் முதலில் இதைத்தான் பாருங்கள். ஸ்டுடியோ தன்னோடு வரும் ஜேடிகேயை எடுக்கும், டெர்மினல் 'ஜாவா ஹோம்' காட்டுவதை எடுக்கும். இரண்டையும் ஒரே ஜேடிகேக்குக் காட்டினால், பின்னணியில் ஓடும் இரண்டு கிரேடில் டீமன்கள் தனித்தனியே ராமைத் தின்பதும் நிற்கும்.

கேபிளில் செருகிய போன் வந்து வந்து மறைந்தால், இரண்டு ஏடிபி இருக்கிறதா என்று தேடுங்கள். எமுலேட்டர் மென்பொருள் ஏதாவது தன்னுடைய பழைய ஏடிபியைக் கொண்டுவந்திருக்கும். இரண்டும் 5037 என்ற ஒரே போர்ட்டுக்குச் சண்டையிட்டு, ஒன்று மற்றொன்றின் சர்வரை நிறுத்திவிடும்.

விண்டோஸில் புராஜெக்ட் ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தாலும் பிளக்இன் பில்டை நிறுத்திவிடும். அந்தச் சோதனையைத் தாண்டிப்போக ஒரு செட்டிங் இருக்கிறது என்றாலும், என்டிகே பக்கம் வேறு வடிவில் அது திரும்ப வரலாம். ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

நிரலைப் பகிர்ந்து வைக்கும் கிட் (Git) ரெப்போவுக்குள் போக வேண்டியவை: சரியான கிரேடிலை இறக்கித் தரும் கிரேடில் ராப்பர் ஃபைல்கள் எல்லாம், பிளக்இன் எண், மூன்று எஸ்டிகே எண்கள், என்டிகே வெர்ஷன். போகக் கூடாதது 'லோக்கல்.பிராப்பர்ட்டீஸ்', அதில் இருப்பது உங்கள் கம்ப்யூட்டரில் எஸ்டிகே இருக்கும் பாதை, அடுத்தவருக்கு அது உதவாது. ஏற்றும்போது முதலில் கிரேடிலும் பிளக்இன்னும், பிறகு தனி கமிட்டாக கம்பைல் எஸ்டிகே, கடைசியில் இன்னொரு ரிலீஸில் டார்கெட். கம்பைலை ஏற்றிய கையோடு, மினிமம் எண்ணுக்குச் சமமான எமுலேட்டர் ஒன்றில் ஆப்பை ஓட்டிவிடுங்கள். 'ரிமூவ்ஃபர்ஸ்ட்' மாதிரி கோளாறுகள் அங்கேதான் சிக்கும்.

சி++ வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐ டார்கெட் செய்யும் ஆப்கள் 16 கேபி மெமரி பேஜ் உள்ள போன்களிலும் ஓட வேண்டும் என்று பிளே ஸ்டோர் விதி வைத்தது. என்டிகே ஆர்28 தானாகவே அதற்கேற்ப லைப்ரரியை அடுக்கித் தரும். உங்கள் நிரலை மட்டும் மறுபடி கம்பைல் செய்தால் போதாது; வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த ஒவ்வொரு '.எஸ்ஓ' (கம்பைல் ஆன லைப்ரரி) ஃபைலையும் பார்க்க வேண்டும். பழைய என்டிகே ஃபோல்டர்களையும் பயன்படாத சிஸ்டம் இமேஜ்களையும் அப்போதே நீக்கிவிடலாம். டிஸ்க்கில் ஜிபி கணக்கில் இடம் பிடிப்பவை அவைதான். பழைய பிளாட்ஃபார்ம் ஃபோல்டர்களை விட்டுவைத்தாலும் பெரிய இட நஷ்டம் இல்லை.