நோட்டீஸின் வலது ஓரத்தில் ஒரு கோடு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கிளிநொச்சியில் நான் எடுக்கும் ஊடகக் கற்கை வகுப்புக்கு ஒரு மாணவி மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். அவளுடைய ஊர்ச் சந்தியில் பஸ் நிற்கும் கொட்டிலில், விடியற்காலையில் யாரோ ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸ். மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்களைப் பற்றி வாயால் சொல்லக் கூசும் சொற்களில் எழுதியிருந்தது. கோயில் நிர்வாகத்தில் அவர்களைச் சேர்க்கக் கூடாதாம், காணி கொடுக்கக் கூடாதாம். 1977ஆம் ஆண்டு வன்செயலில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். காடு வெட்டிக் கிணறு தோண்டி, பிறகு எங்களோடு சேர்ந்தே முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்கள். நோட்டீஸின் அடியில் பெயர் இல்லை. "ஊர் நலன் விரும்பிகள்" என்று மட்டும் போட்டிருந்தது.

"சேர், இதை ஆர் எழுதினதெண்டு கண்டுபிடிக்கேலுமோ?" என்று கேட்டாள்.

மொட்டைக் கடிதம் எங்களுக்குப் புதிது இல்லை. அதைவிடப் பயங்கரமானதையும் கண்டவர்கள் நாங்கள். இராணுவச் சுற்றிவளைப்பில், சாக்கால் முகம் மூடிக்கொண்டு ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நின்ற எவருக்கும், முகம் தெரியாத ஒருவருக்கு எவ்வளவு பலம் என்று விளக்கத் தேவையில்லை. நோட்டீஸும் அப்படித்தான் வேலை செய்கிறது. அதை ஒட்டியவர்கள் இரண்டு பேராக இருக்கலாம், இருநூறு பேராகவும் இருக்கலாம். படிக்கிற மனம் இருநூறு என்றே எடுத்துக்கொள்கிறது. அடுத்த வீட்டுக்காரரும் அதில் ஒருவரோ என்று சந்தேகப்படத் தொடங்குகிறது. அதனால், இப்படியான கூட்டங்களைத் தேடிப் போகும் செய்தியாளர் முதலில் கேட்க வேண்டியது "யார்" என்பதல்ல, "எத்தனை பேர்" என்பதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இந்த வேலையின் வரலாற்றில் பெரிய பாடம் அமெரிக்காவில் இருக்கிறது. வெள்ளை அங்கியும் கூம்புத் தொப்பியும் போட்டுக் கறுப்பின மக்களையும் யூதர்களையும் கத்தோலிக்கர்களையும் வேட்டையாடிய கு கிளக்ஸ் கிளான், 1915இல் மறுபடி தொடங்கப்பட்டது. 1921 செப்டெம்பரில் நியூயோர்க் வேர்ல்ட் என்ற நாளேடு ஏறக்குறைய மூன்று வாரம் நாள்தோறும் அதன் உள்விவகாரத்தை வெளியிட்டது. உள்ளே இருந்து வெளியேறிய ஹென்றி ஃப்ரை என்ற ஆள்சேர்ப்பு முகவர் கொடுத்த தகவல்கள் அதற்குப் பெரிய உதவி. வெளியே வந்த விடயங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது காசுக் கணக்கு. புதிதாகச் சேர்பவர் 10 டொலர் கட்ட வேண்டும். அதில் 4 டொலர் ஆளைச் சேர்த்தவரின் சட்டைப்பைக்குப் போகும். மிச்சம் படிப்படியாக மேலே ஏறும். அங்கியைக்கூட அமைப்பிடமே காசு கொடுத்து வாங்க வேண்டும். போருக்குப் பிறகு எங்கள் பக்கம் வந்து, "நீங்கள் மூன்று பேரைச் சேருங்கோ, அவை மூன்று பேரைச் சேர்ப்பினம்" என்று எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்த திட்டங்களை நினைத்துப் பாருங்கள். அதே பொறிமுறைதான். அங்கே விற்ற சரக்கு வெறுப்பு.

இரகசியக் கூட்டம் ஒன்று எங்கே கசியும் என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது. ஆள் சேர்க்க வேண்டுமென்றால் புதியவர்களிடம் வாயைத் திறக்க வேண்டும். காசு வாங்கினால் பற்றுச்சீட்டு, கணக்கு, பங்குச் சண்டை எல்லாம் வரும். வளர வளர, மனம் மாறுகிறவர்களும் ஏமாந்தவர்களும் உள்ளே கூடுவார்கள். குளத்துக் கட்டில் கசிவைத் தேடுகிற கமக்காரர் தண்ணீருக்குள் பார்ப்பதில்லை, கட்டின் வெளிப்பக்கம் ஈரமான மண்ணைத் தேடுவார். செய்தியாளரும் அப்படியே, கூட்டத்தை விட்டு வெளியேறியவரையும் காசு போன பாதையையும் தேடிப் போகிறார்.

சரி, வேர்ல்ட் எழுதியதும் கிளான் அழிந்ததா? இல்லை. அந்தத் தொடருக்கு 1922இல் புலிட்சர் பரிசு கிடைத்தது, நாடாளுமன்ற விசாரணையும் நடந்தது. ஆனால் கிளான் முன்னரைவிட வேகமாக வளர்ந்தது. 1920களின் நடுப்பகுதியில் அதன் உறுப்பினர்கள் பல இலட்சங்களைத் தாண்டியிருந்தார்கள். பத்திரிகையில் மாதிரிக்காக அச்சிட்ட விண்ணப்பப் படிவத்தை வெட்டி நிரப்பி அனுப்பியவர்களும் உண்டு. தூரத்து நகரத்துப் பத்திரிகை, மர்மமான சடங்குகள், விசித்திரமான பதவிப் பெயர்கள் என்று பெரிதாகப் போட்டது. வாசகர்களில் ஒரு பகுதியினருக்கு அது விளம்பரமாகப் போய்விட்டது.

முப்பது ஆண்டுகள் கழித்து, வட கரோலினாவில் வேறு விதமாக நடந்தது. டேபர் சிட்டி என்ற சின்ன ஊரில் ஹொரஸ் கார்ட்டர் என்பவர் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். 1950 ஜூலையில் கிளான்காரர்கள் கார்களில் அணிவகுத்து ஊருக்குள் வந்தார்கள். அவர் உடனே அதை எதிர்த்துத் தலையங்கம் எழுதினார். பக்கத்து ஊரான வைட்வில்லில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லார்ட் கோலும் சேர்ந்துகொண்டார். மிரட்டல் வந்தது, விளம்பரம் போனது. அவர்கள் நிறுத்தவில்லை. சடங்கையும் அங்கியையும் வர்ணித்துக்கொண்டிருக்காமல், இந்த இரவில் இந்த வீட்டில் இன்னாரை இழுத்துப் போய் அடித்தார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதினார்கள். ஆட்களைக் கடத்தி மாநில எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய் அடித்த ஒரு சம்பவத்தில், எல்லை தாண்டிய காரணத்தால் மத்தியப் புலனாய்வுப் பிரிவான எஃப்பிஐ உள்ளே வர வழி கிடைத்தது. கடைசியில் நூறுக்கு மேற்பட்ட கிளான்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 1953இல் இரு பத்திரிகைகளுக்கும் புலிட்சர் பரிசு. கார்ட்டரைச் சந்தையில் எல்லோருக்கும் தெரியும். அவர் பத்திரிகையில் குற்றம் செய்தவராக வந்தவரையும் எல்லோருக்கும் தெரியும். முகமூடிக்குள் இருந்தது பேய் இல்லை, கடன் வாங்கித் திருப்பித் தராத இன்னார் என்று ஊர் அறிந்துவிட்டால் பயம் பாதி போய்விடும். மறு பாதி நீதிமன்றத்தில் போனது.

இனி மாணவியின் தாளுக்கு வருவோம். ஒரு தாள் எவ்வளவு பேசும் என்பது வகுப்புக்கே ஆச்சரியமாக இருந்தது.

நிற லேசர் அச்சுப்பொறிகள் பலவற்றில் ஒரு ஏற்பாடு உண்டு. அச்சிடும் ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய மஞ்சள் புள்ளிகளைப் பதிக்கும். நீல ஒளியில் உருப்பெருக்கிப் பார்த்தால் அவை தெரியும். பொறியின் தொடர் இலக்கமும் அச்சிட்ட நாளும் நேரமும் அந்தப் புள்ளிகளில் ஒளிந்திருக்கும். 2005இல் அமெரிக்காவின் இலத்திரனியல் எல்லை அறக்கட்டளை ஒரு செரொக்ஸ் பொறியின் புள்ளி மொழியை உடைத்துக் காட்டியது. எங்கள் நோட்டீஸ் கறுப்பு வெள்ளைப் போட்டோக்கொப்பி, அதில் இந்தப் புள்ளிகள் இல்லை. ஆனால் போட்டோக்கொப்பிப் பொறிக்கு வேறு வடு உண்டு. கண்ணாடியில் ஒரு கீறலோ உருளையில் ஒரு காயமோ இருந்தால், அந்தப் பொறியில் எடுக்கும் எல்லாப் பிரதியிலும் ஒரே இடத்தில் அதே கறை விழும். நோட்டீஸின் வலது ஓரத்தில், மேலிருந்து கீழாக, மயிரிழை போல ஒரு கோடு இருந்தது.

அடுத்தது மொழி. பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவரின் கை விடும் பிழை வேறு, கைப்பேசியில் ஒலிப்பு முறையில் அடிப்பவர் ல, ள, ழ குழப்பி விடும் பிழை வேறு. "ஆகவே" எழுதுகிறவர் "எனவே" எழுதுவது குறைவு. இப்படிச் சின்னச் சொற்களை எண்ணி எழுதியவரை அடையாளம் காணும் முறை பழையது. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்துப் புனைபெயரில் வந்த கட்டுரைகளில் பன்னிரண்டை யார் எழுதினார் என்ற சர்ச்சையை, மொஸ்டெல்லர், வொலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1964இல் இந்த வழியில்தான் ஆராய்ந்தார்கள். ஆனால் அதற்கு நீண்ட எழுத்து வேண்டும். பத்து வரி நோட்டீஸை வைத்து ஒருவரைச் சுட்டுவது அநியாயம்.

வட்ஸ்அப்பில் வருவதற்கு வேறு தடயம். இரட்டை அம்புக்குறி இருந்தால் அந்தச் செய்தி ஐந்து கைகளாவது மாறி வந்திருக்கிறது, உங்களுக்கு அனுப்பியவர் அதை உருவாக்கியவராக இருக்க வாய்ப்புக் குறைவு. சாதாரணமாக அனுப்பும் படத்தில், எடுத்த இடமும் நேரமும் போன்ற உள்விபரங்களை வட்ஸ்அப் நீக்கிவிடும். ஆனால் படத்துக்குள் இருக்கும் தண்ணீர்த் தாங்கியையும் கோபுரத்தையும் நிழலின் சாய்வையும் நீக்க முடியாது.

கண்டுபிடித்த பிறகு எப்படி வெளியிடுவது? இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 2000 ஒக்டோபரில் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2009 ஜனவரியில் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க கொழும்பில் கொல்லப்பட்டார். தனியாக எழுதுகிறவரைக் கொன்றால் செய்தியையும் கொன்றுவிடலாம் என்பது கொலைகாரரின் கணக்கு. சுவீடனில் அந்தக் கணக்கை உடைக்க ஒரு வழி செய்தார்கள். 1999இல் நவநாசிகள் ஒரு தொழிற்சங்கக்காரரைக் கொன்ற பிறகு, நவம்பர் 30ஆம் திகதி நான்கு பெரிய நாளேடுகள் ஒரே நாளில், அந்த வன்முறை வட்டத்தைச் சேர்ந்த 62 பேரின் பெயரையும் படத்தையும் வெளியிட்டன. பழிவாங்க வேண்டுமென்றால் நான்கு செய்தி அறைகளையும் சேர்த்துத்தான் பழிவாங்க வேண்டும். எங்கள் மாகாணத்துப் பத்திரிகைகள் போட்டியை ஒரு நாளாவது ஒதுக்கிவைத்து இப்படிச் செய்ய வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

அப்புறம் அந்தக் கோடு. இரண்டு கிழமை கழித்து மாணவி தன்னுடைய ரியூசன் கொப்பியோடு வந்தாள். அதற்குள் செருகியிருந்த பொருளியல் குறிப்பின் வலது ஓரத்தில் அதே கோடு, அதே இடத்தில். அவள் ஊருக்குப் பக்கத்துச் சந்தியில் இருக்கும் கடையில் எடுத்த பிரதி. வகுப்பில் இரண்டு பொடியன்கள் உடனே கடைக்காரரின் பெயரைப் பேஸ்புக்கில் போடத் துடித்தார்கள். அவள்தான் தடுத்தாள். "அந்தக் கடையிலதான் எங்கட அம்மா சமுர்த்திப் படிவமும் கொப்பி எடுத்தவ" என்றாள். நோட்டீஸையும் குறிப்பையும் மடியாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கிடைத்த இடத்தையும் நாளையும் வெளியே எழுதினோம். அடுத்த சனிக்கிழமை, அந்தக் குடும்பங்களில் மூத்த ஐயா ஒருவரை முதலில் போய்ப் பார்த்து, இதற்கு முன்னும் இப்படித் தாள் வந்ததா என்று கேட்பதாக முடிவு.