மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, தையலில் சீழ் பிடித்துவிட்டது: யாரிடம் சொல்வது?

சிகிச்சைக்குப் போன இடத்தில் புதிதாக ஒரு தொந்தரவு வந்து சேர்வது அரிதான விஷயம் அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 நோயாளிகளில் 15 பேருக்கு அங்கேயே ஏதாவது ஒரு தொற்று ஒட்டிக்கொள்கிறது. பணக்கார நாடுகளில் இந்த எண்ணிக்கை 7. இது போக, மருந்து ஒத்துக்கொள்ளாமல் போவது, ரத்தம் ஏற்றியதும் நடுக்கம் எடுப்பது, உடம்புக்குள் வைத்த கருவி பழுதாவது என்று இன்னும் பல உண்டு. இவற்றில் நிறைய 'நம்ம உடம்பு வாகு அப்படி' என்று வீட்டோடு முடிந்துவிடுகின்றன. இவற்றைப் பதிவுசெய்ய அரசு ஏற்பாடுகள் இருக்கின்றன. சிலவற்றில் நோயாளியோ வீட்டாரோ நேரடியாகவே தகவல் கொடுக்கலாம்.

மருந்தால் வந்த பக்கவிளைவு

இதற்கான ஏற்பாடுதான் மற்ற எல்லாவற்றையும் விட நன்றாக வேலை செய்கிறது. 2010இல் மத்திய அரசு தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் அது. 2011 முதல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் இதை நடத்துகிறது. பக்கவிளைவை எழுதிக் கொடுக்கும் படிவம் மருத்துவர்களுக்கு மட்டும் என்று முன்பு நினைக்கப்பட்டது. பொதுமக்களுக்கென்று தனியாக ஒரு படிவம் இருக்கிறது. தமிழிலும் கிடைக்கிறது.

படிவத்தைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. நோயாளியின் முழுப்பெயர் கூடக் கேட்பதில்லை, முதலெழுத்துகள் போதும். வயது, என்ன மருந்து, எதற்காகச் சாப்பிட்டீர்கள், எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், என்ன ஆயிற்று, இப்போது சரியாகிவிட்டதா, அன்றாட வேலை கெட்டதா, மருத்துவமனையில் சேர நேர்ந்ததா என்று போகும். இதற்காகவே சொல்கிறேன், மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். கடைசி மாத்திரையைப் பிரிக்கும்போது மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் கிழிந்து போய்விடும். கொப்புளமோ தடிப்போ வந்த அன்றே அட்டையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

நிரப்பிய படிவத்தைப் பக்கத்து மருத்துவக் கல்லூரியில் உள்ள பக்கவிளைவுக் கண்காணிப்பு மையத்தில் கொடுக்கலாம். பெரும்பாலும் மருந்தியல் துறையில்தான் அது இருக்கும். எழுத முடியாதவர்கள் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். வேலை நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 5.30 வரை எடுப்பார்கள். 'இந்த மருந்தால்தான் வந்தது' என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தாலே போதும், ஆராய்வது அவர்கள் வேலை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது யார் மேலும் கொடுக்கும் புகார் அல்ல. அறிக்கை கொடுப்பதால், மருத்துவரோ மருந்துக் கம்பெனியோ தவறு செய்ததாக ஒப்புக்கொண்ட பொருள் வராது என்று திட்டத்தின் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நோயாளியின் அடையாளமும் வெளியே போகாது. 'நமக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்குச் சிக்கல் வந்துவிடுமோ' என்ற தயக்கம் நம் ஊரில் நிறைய உண்டு. அந்தத் தயக்கத்துக்கு இங்கே இடமே இல்லை.

இப்படிச் சேரும் தகவல்களால் என்ன பயன் என்று கேட்கலாம். 2023 நவம்பரில் மருந்தியல் ஆணையம் மெஃபெனாமிக் அமிலம் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மாதவிடாய் வலிக்குப் பல வீடுகளில் சாதாரணமாக வாங்கிப் போடும் மாத்திரை அது. அரிதாகச் சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு, காய்ச்சல், நெறி கட்டுதல் என்று தொடங்கி உள்ளுறுப்புகளைத் தாக்கும் கடுமையான ஒவ்வாமையை அது உண்டாக்கக்கூடும் என்பதுதான் எச்சரிக்கை. அது வந்தது இந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்த பக்கவிளைவு அறிக்கைகளை ஆராய்ந்த பிறகுதான். யாரோ சிலர் எழுதிக் கொடுத்ததால் நாடு முழுக்க மருத்துவர்களும் நோயாளிகளும் கவனமானார்கள்.

கருவியும் ரத்தமும்

ஸ்டென்ட், பேஸ்மேக்கர், செயற்கை மூட்டு, குளுக்கோமீட்டர் போன்றவற்றுக்கு 2015 ஜூலையில் மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டம் வந்தது. அதே ஆணையம், அதே தொலைபேசி எண். உடம்புக்குள் ஏதாவது வைத்தால் அதன் ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்டிருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ரத்தம் ஏற்றும்போது வரும் பாதிப்புகளை, 2012 டிசம்பரில் தொடங்கிய ரத்தக் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ் நொய்டாவில் உள்ள தேசிய உயிரியல் பொருட்கள் நிறுவனம் தொகுக்கிறது. அங்கே அறிக்கை அனுப்புவது மருத்துவமனையும் ரத்த வங்கியும். குளிர், மூச்சுத்திணறல், அரிப்பு, முதுகுவலி எது வந்தாலும் உடனே செவிலியரைக் கூப்பிட்டுச் சொல்வது உங்கள் பங்கு.

மருத்துவமனைத் தொற்று

சிக்கல் இங்கேதான். மருந்துக்கு இருப்பதுபோல, தொற்றுக்கு நோயாளி நேரே கூப்பிட்டுச் சொல்லும் தேசிய எண் இல்லை. மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்புக் குழு இருக்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. தேசியத் தரச் சான்று பெறும் அரசு மருத்துவமனைகளும், என்ஏபிஹெச் (மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) சான்று பெறும் தனியார் மருத்துவமனைகளும் அறுவைக் காயத் தொற்று எத்தனை என்று கணக்கிட்டே ஆக வேண்டும். ஆனால் அந்தத் தொற்று எண்ணிக்கையைப் பொதுமக்கள் பார்க்க வெளியிட வேண்டும் என்று நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் இல்லை. அமெரிக்காவில் மருத்துவமனை வாரியாக இந்த விவரத்தை அரசு இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். இங்கும் அப்படி வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கே ஆபரேஷன் செய்துகொள்வது என்று முடிவெடுக்கும் குடும்பத்துக்கு மருத்துவமனையின் வரவேற்பறையை விட அந்த எண்ணிக்கைதான் உதவும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அறுவை முடிந்து 30 நாட்களுக்குள் தையல் இடத்தில் தொற்று வந்தால் அது அறுவைக் காயத் தொற்றாகவே கணக்கிடப்படும். செயற்கை மூட்டு போன்ற சில அறுவைகளுக்கு இது 90 நாள். ஆனால் நடப்பது என்ன? ஐந்தாம் நாள் வீட்டுக்கு வருகிறோம், பத்தாம் நாள் சீழ் வைக்கிறது, தெருமுனை கிளினிக்கில் கட்டு மாற்றி ஆன்டிபயாடிக் வாங்கிக்கொள்கிறோம். ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் ஏட்டில் அது ஏறுவதே இல்லை. அவர்கள் கணக்கில் நீங்கள் நலமாக வீடு திரும்பியவர். அதனால் வைத்தியம் எங்கே பார்த்தாலும் சரி, அறுவை செய்த இடத்துக்குத் தெரிவியுங்கள். முடிந்தால் நேரில் போய், தொற்றுத் தடுப்புச் செவிலியரிடம் பதிவுசெய்யச் சொல்லுங்கள். எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சீழை அனுப்பியிருந்தால் அதன் முடிவையும் கொண்டுபோங்கள்.

மருத்துவக் கழிவு: வெளியே தெரிய வேண்டிய அறிக்கை

தொற்றுத் தடுப்பில் சட்டப் பலத்தோடு இருக்கும் விதி இது. 2016 மார்ச் 28 அன்று அறிவிக்கப்பட்ட உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கட்டுத் துணியும் உடல் பாகமும் மஞ்சள் பையில், டியூப், ஊசி நீக்கிய சிரிஞ்சு போன்ற பிளாஸ்டிக் சிவப்பில், ஊசி, பிளேடு வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில் போக வேண்டும். சுத்திகரிக்காத கழிவைச் சாதாரணமாக 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

மருத்துவமனை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30க்குள் படிவம் 4இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். எந்த நிறப் பையில் எத்தனை கிலோ, எத்தனை பேருக்குப் பயிற்சி, என்னென்ன விபத்து நடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஊழியருக்கு ஊசி குத்திய காயங்களும் அந்த விபத்துக் கணக்கில் சேரும். இந்த அறிக்கையை மருத்துவமனை தன் இணையதளத்தில் வைக்க வேண்டும். உங்கள் ஊர் மருத்துவமனையின் தளத்தில் தேடிப் பாருங்கள். வருடம் முழுக்க ஒரு ஊசிக்குத்துக் கூட இல்லை என்று ஒரு பெரிய மருத்துவமனை காட்டினால், அங்கே யாரும் எழுதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். பெரும்பாலும் அடிபடுவது துப்புரவுப் பணியாளரின் கை. அவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடுவதும் இதே விதிகளின்படி நிர்வாகத்தின் கடமை.

ஆவணம் கேட்கும் உரிமை

எதைச் சொல்வதானாலும் கையில் காகிதம் வேண்டும். 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் வருபவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

கவனக்குறைவு என்று உறுதியாக நினைத்தால் அது வேறு பாதை. தமிழ்நாட்டில் 104 எண்ணிலோ, மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடமோ புகார் செய்யலாம். அரசு மருத்துவமனையாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடலாம். சென்ற ஆண்டு எத்தனை அறுவை, அதில் எத்தனை பேருக்குக் காயத் தொற்று, தொற்றுத் தடுப்புக் குழு எத்தனை முறை கூடியது என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.